உடைசல் ஒன்று

எட்டு நாளாக விலை இறங்குமுகம்.
"வண்டி ஏத்தாதீங்க, பொறுங்க" என்றார் முதலாளி.
புதுச்சத்திரத்துக்கு மேற்கே
அத்தனை கொட்டகை முட்டையும் குடோனில் ஏறிக்கொண்டே போனது.
ஒன்பதாம் நாள் ஐந்து பைசா ஏற்றம்.
விடிகாலை மூன்று மணிக்கு இருப்பைக் கூட்டினேன்.
ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.

தூக்கம் போய்விட்டது.

எழுநூற்றிருபது, எழுநூற்றிருபது.
காது கேளாதவரிடம் இரண்டாம் தரம் சொன்ன மாதிரி.
எந்த மூன்று இலக்கத்தை இப்படி அடுத்தடுத்து எழுதினாலும்
அது ஆயிரத்தொன்றின் மடங்கு.
ஆயிரத்தொன்றைத் தட்டினால்
ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று மூன்று கொட்டை உதிரும்.
நிற்கிற எழுநூற்றிருபதோ
ஒன்று முதல் ஆறு வரை
ஒன்றன் தோளில் ஒன்று ஏறிய பெருக்கல்.

திருச்செங்கோட்டில் மூன்று வருடம் கணிதம் படித்துவிட்டு
முட்டை எண்ணுகிறாள் என்று
இரக்கப்படுகிறவர் யாரும் அந்நேரம் பக்கத்தில் இல்லை.
நல்லதாயிற்று.
பில் புத்தகத்தின் பின்அட்டையில் வகுத்துக்கொண்டே போனேன்.
இரண்டு பேர் வரட்டும், ஒன்பது பேர் வரட்டும்,
பதினாறு பேர் வந்து வாசலில் நிற்கட்டும்,
மீதி என்று ஒரு முட்டை வராது.
பதினாறு வரைக்கும் இப்படி நிரவுகிற எண்
இதைவிடச் சின்னதாக வேறு கிடையாது.

முதலாளியோடு பிறந்த ஆண்கள் இருவர்.
அக்கா தன் பங்கு கேட்டு
ராசிபுரம் கோர்ட்டுக்கு நடக்கிறார்.
மூன்றாக வகுத்தேன், மீதியில்லை.
நான்காக வகுத்தேன், மீதியில்லை.
வழக்கு முட்டையில் இல்லை.

பதிவேட்டில் பதினாறு கூலிப் பேர்.
பதினேழாவது பிஸ்வஜித்,
திங்கட்கிழமை ஒடிசாவிலிருந்து இறங்கியவன்,
இன்னும் பேர் ஏற்றவில்லை.
பதினேழால் வகுத்தால் ஐந்து நிற்கிறது.

அவன்தான் வந்தான்,
உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு.
நாலாம் கொட்டகையில் கம்பிக்கும் தகரத்துக்கும் நடுவே
யார் கண்ணிலும் படாமல் கிடந்ததாம்.
நாலு நாளில் கற்ற தமிழில்
"அக்கா, ஒண்ணு" என்றான்.

ஒன்றுதான்.
இரண்டு முதல் பதினாறு வரை
இத்தனை நேரம் பல்லைக் காட்டிய எண்கள்
அத்தனையும் ஆளுக்கொரு முட்டையை மீதி வைத்தன.
பதினேழில் ஆறு. பத்தொன்பதில் பதின்மூன்று.
முப்பத்தொன்றில் இரண்டு, விட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.
நாற்பதுகள் ஏமாற்றின, ஐம்பதுகளும்.
அறுபத்தேழில் மறுபடி அந்த இரண்டு.
பகா எண்ணோ என்று வயிற்றைப் பிசைந்தபோது
எழுபத்தொன்றில் திறந்தது.
எழுபத்தொரு பேருக்கு
ஆளுக்குப் பத்தாயிரத்து நூற்றைம்பத்தொன்று.
அதையாவது உடைக்கலாமென்று
தொண்ணூற்றேழு வரை மோதிப் பார்த்தேன்.
அது பகா எண். கதவில்லாத சுவர்.

யார் அந்த எழுபத்தொரு பேர்?
எந்த ஊர்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

வெளியே ஹாரன்.
"ஏனுங் கணக்கு, சரியா வந்துதுங்களா?"
வையாபுரியண்ணன் கதவில் சாய்ந்து நிற்கிறார்.
லாரி மூன்று, ஒவ்வொன்றுக்கும்
எட்டாயிரத்து எட்டு அட்டை,
அட்டைக்கு முப்பது.
முப்பத்தொன்றாம் குழி எந்த அட்டையிலும் இல்லை.
பதிவேட்டிலும் கட்டங்கள் நாலுதான்:
தேதி, கொட்டகை, அட்டை, உடைசல்.

உடைசல் கட்டத்தில் ஒன்று என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
ஸ்டேப்ளருக்கும் கால்குலேட்டருக்கும் நடுவே
ஒரு சின்ன இறகு ஒட்டியபடி
அது மெல்ல உருண்டு, நின்றது,
கீறல் கூட இல்லாமல்.